ஐஓடி அறிமுகம்: ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துப் படிப்படியாகக் கற்போம்

ஒரு சென்சாரை வைஃபையில் இணைத்து, அது காட்டும் அளவை ஃபோனில் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. அதே கருவி யாரும் தொடாமல், நெட் விட்டுவிட்டு வந்தாலும், கரண்ட் போய் வந்தாலும், ஆறு மாதம் கழித்தும் ஒழுங்காக ஓட வேண்டும் என்றால் அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ஆரம்பநிலைப் பாடங்கள் பெரும்பாலும் முதல் மாலையோடு நின்றுவிடுகின்றன. இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கப்போகிறோம்.

அதற்கு ஒரே ஓர் உதாரணம். மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி, தேவைப்பட்டால் மோட்டாரையும் இயக்கும் கருவி. இதைச் செய்து முடித்தால் கதவு, விளக்கு, வயல், தொழிற்சாலை என்று எதற்கும் இதே எலும்புக்கூடுதான் என்பது புரிந்துவிடும். நிரல் எழுதக் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில், ஐஓடி என்றால் என்ன

ஐஓடி என்பது 'பொருட்களின் இணையம்'. நான்கு வேலைகள் சேர்ந்தது அது. உலகில் நடப்பதை அளப்பது, அளந்ததை அனுப்புவது, அதைப் பார்த்து முடிவெடுப்பது, முடிவைச் செயலாக்குவது. எல்லாக் கருவியிலும் நான்கும் இருக்காது. வானிலை நிலையம் அளந்து அனுப்புவதோடு நின்றுவிடும். ஆனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் 'இந்த நான்கில் எது எங்கே நடக்கிறது' என்று கேட்டுப் பாருங்கள். அதன் பலமும் பலவீனமும் உடனே தெரியும்.

இந்தப் பெயரை 1999இல் கெவின் ஆஷ்டன் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் ஒரு விளக்கவுரைக்குத் தலைப்பாக வைத்தார். சரக்குகளில் ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையில் தன் அடையாளத்தைச் சொல்வது) ஒட்டி அவற்றைக் கணினியே கணக்கெடுக்க வேண்டும் என்பதுதான் அவர் பேசிய விஷயம். பெயர் வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கோக் விற்கும் இயந்திரம் ஒன்றைக் கணினியோடு இணைத்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்பதை இடத்தை விட்டு எழாமலே பார்த்துக்கொள்ளலாம். நடந்து போய் ஏமாந்து திரும்ப வேண்டாம், அவ்வளவுதான் நோக்கம். கேம்பிரிட்ஜில் காபி பானையைப் படம் பிடித்துக் காட்டிய கேமராவும் (1991) இதே ஜாதிதான்.

இந்தப் பழைய கதைகளில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொன்றும் ஒரு தெளிவான கேள்வியில் பிறந்தது. போகலாமா, வேண்டாமா? இன்றைக்குப் பல கருவிகளிடம் அந்தக் கேள்வியே இல்லை. இணைக்க முடிகிறது, அதனால் இணைத்திருக்கிறார்கள்.

படி 1: சாமான் வாங்கும் முன் கேள்வியை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இந்த அளவு தெரிந்தால் நான் என்ன முடிவை மாற்றுவேன்? எவ்வளவு சீக்கிரம் தெரிய வேண்டும்?

நம் தொட்டிக்குப் பதில் எளிது. கால்வாசிக்குக் கீழே போனால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பும் முன் நிற்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் என்றால், சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் தாராளம். மோட்டார் ஓடும்போது மட்டும் ஐந்து விநாடிக்கு ஒரு முறை.

இதை எழுதாமல் தொடங்குபவர்கள் பொதுவாக விநாடிக்கு ஒரு அளவு அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு 86,400 பதிவுகள். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,440தான். தொட்டி நீர்மட்டம் விநாடிக்கு விநாடி மாறுவதில்லை. அந்தக் கூடுதல் 85,000 பதிவுகளால் சேமிப்பிடம் நிறைவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

படி 2: எதன் வழியாக அனுப்புவது

வீட்டுக்குள் என்றால் வைஃபை. ரவுட்டர் ஏற்கெனவே இருக்கிறது, கற்பதற்கும் சுலபம். குறை ஒன்றுதான், மின்சாரம் நிறைய குடிக்கும். ஜிக்பீ, திரெட் இரண்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் கதவு சென்சார்களுக்கு அவைதான் சரி. புளூடூத் லோ எனர்ஜி கைக்கடிகாரம் மாதிரி பக்கத்திலேயே இருக்கிற பொருட்களுக்கு.

தூரம் கிலோமீட்டரில் போனால் லோராவான். ஒரு சிறு பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும், ஆனால் ஒரு தடவைக்கு மிகச் சிறிய செய்தியைத்தான் அனுப்பலாம். படமோ ஒலியோ நினைத்தே பார்க்காதீர்கள். மொபைல் டவர் வழியாகப் போகிற என்பி-ஐஓடி இன்னொரு வழி, அதற்கு சிம்மும் கட்டணமும் வேண்டும்.

நம் தொட்டிக்கு வைஃபை. சிக்னல் மாடி வரை எட்டுகிறதா என்பதை ஃபோனை எடுத்துக்கொண்டு போய் இப்போதே பார்த்துவிடுங்கள். பெட்டியை மாட்டி முடித்த பிறகு பார்ப்பது வீண் வேலை.

படி 3: சாமான் பட்டியல்

மூளைக்கு இஎஸ்பி32 போர்டு. எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் சில்லு, 2016இல் வந்தது. வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. 520 கிலோபைட் நினைவகம். கணினி என்று பார்த்தால் மிகச் சிறியது, இந்த வேலைக்கு மிக அதிகம். ராஸ்பெரி பை வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். அது முழு லினக்ஸ் கணினி. சட்டென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட வாய்ப்புண்டு. சென்சார் பக்கத்தில் இஎஸ்பி32, தகவலைச் சேர்த்துவைக்கும் இடத்தில் ராஸ்பெரி பை அல்லது சும்மா கிடக்கும் பழைய கணினி. என் கணக்கில் இதுதான் சரியான பிரிவினை.

மட்டம் அளக்க அல்ட்ராசோனிக் சென்சார். எச்சி-எஸ்ஆர்04 என்பது எல்லோரும் பழகும் மாடல். 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கும். மேசையில் பழக அது போதும். தொட்டிக்குள் ஈரத்தில் அது தாங்காது. அங்கே ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா மாடலைப் போடுங்கள். அதற்கு ஒரு குணம் உண்டு, இருபது இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பது அதன் கண்ணில் படாது. அதனால் தொட்டி நிரம்பிய நிலையிலும் நீருக்கு மேலே அந்த அளவு இடைவெளி இருக்கும்படி மாட்ட வேண்டும்.

இவற்றோடு பிரெட்போர்டு (பற்றவைக்காமலே வயர்களைச் செருகும் பலகை), ஜம்பர் வயர்கள், 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, தரமான 5 வோல்ட் அடாப்டர். அப்புறம், டேட்டா போகிற யுஎஸ்பி கேபிள். சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், உள்ளே டேட்டா வயரே இருக்காது. 'போர்டை கணினி கண்டுகொள்ளவில்லை' என்று புலம்புபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது கேபிளைத்தான்.

படி 4: சென்சாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள்

வைஃபை, ஆப், கிளவுட் எதுவும் இப்போது வேண்டாம். போர்டு, சென்சார், கணினித் திரை. இதைத் தாண்டி அவசரப்படாதீர்கள்.

சென்சாரின் மின்சார முனையை 5 வோல்ட்டிலும், கிரவுண்டைக் கிரவுண்டிலும், டிரிகர் முனையைப் போர்டில் ஜிபிஐஓ 26 என்ற காலிலும் இணையுங்கள். எக்கோ முனையை நேரடியாகப் போர்டில் செருகக் கூடாது. அது 5 வோல்ட் அனுப்பும். இஎஸ்பி32இன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஜிபிஐஓ 27க்கு வாருங்கள். அதே 27இலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 3.3, போர்டுக்குப் போகும்.

டிரிகர் முனையில் 10 மைக்ரோ விநாடி துடிப்புக் கொடுத்தால் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். அது நீரில் பட்டுத் திரும்பிவரும் வரை எக்கோ முனை உயர்ந்தே இருக்கும். ஒலி 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. போக ஒரு முறை, வர ஒரு முறை, ஆகவே ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு 58 மைக்ரோ விநாடி. வந்த நேரத்தை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில்.

போர்டுக்கு நிரல் எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇயில் இஎஸ்பி32 ஆதரவைச் சேர்த்து, இதை ஒரு சிறு நிரலாக எழுதி, போர்டு அனுப்புவதைக் காட்டும் சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து பாருங்கள். முன்னால் ஒரு புத்தகத்தைப் பிடித்து நகர்த்துங்கள். அளவுகோலோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

இப்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படும், அல்லது பட வேண்டும்.

ஒன்று, அளவு அவ்வப்போது குதிக்கும். 62, 62, 61, 148, 62 என்று வரும். சராசரி எடுத்தால் அந்த 148 எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதற்குப் பதில் ஏழு அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் இடையில் 60 மில்லி விநாடி விட வேண்டும், இல்லையென்றால் முந்தைய எதிரொலியே திரும்பக் கேட்கும்.

இரண்டு, துடிப்பின் நீளத்தை அளக்கும் ஆர்டுயினோவின் பல்ஸ்இன் சார்பு, குறித்த நேரத்துக்குள் எதிரொலி வராவிட்டால் பூஜ்யம் தரும். இந்தப் பூஜ்யத்தை 'தூரம் பூஜ்யம், ஆகவே தொட்டி வழிகிறது' என்று எடுத்துக்கொள்கிற நிரல்களை நிறையப் பார்க்கலாம். அதன் பொருள் 'தெரியவில்லை' என்பது மட்டும்தான். தெரியாத அளவைத் தெரியாதது என்றே நிரல் நடத்த வேண்டும்; இது பின்னால் மோட்டார் விஷயத்தில் உயிர்நாடி.

மூன்று, வெப்பம். ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் சரியாக இருந்த கணக்கு 40 டிகிரியில் மூன்றரை சதவீதம் தவறும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர். மோட்டாரை நிறுத்த இந்தத் தவறு பெரிய விஷயமில்லை. கசிவு கண்டுபிடிக்க நினைத்தால் பெரிய விஷயம். டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார் ஒன்றைச் சேர்த்துத் தொட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை அளந்து, திருத்தம் செய்துகொள்ளலாம்.

தூரத்தைச் சதவீதமாக்குவது எளிது. சென்சாரிலிருந்து அடித்தளம் 120 சென்டிமீட்டர், நிரம்பிய மட்டம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அளவு 60 வந்தால், 120இல் 60 கழித்தால் 60. மொத்த உயரம் 95. ஆகவே 63%. செங்குத்தாக நிற்கும் தொட்டிக்கு இது சரி. படுக்கவைத்த உருளைத் தொட்டிக்குக் கணக்கு வேறு, உயரத்தில் பாதி கொள்ளளவில் பாதிதான், ஆனால் கால் உயரம் கால் கொள்ளளவு இல்லை.

படி 5: வைஃபையில் இணையுங்கள், விழுந்தால் எழும்படி

இஎஸ்பி32 சில்லின் மூல மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பார்க்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் பெயரே பட்டியலில் வராது.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் 'வைஃபை கிடைக்கும் வரை காத்திரு' என்று ஒரு சுழல் இருக்கும். ரவுட்டர் நின்றுபோனால் நிரல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சென்சாரும் நிற்கும், மோட்டார் கட்டுப்பாடும் நிற்கும். அதைத் தூக்கிவிடுங்கள். அளப்பதும் முடிவெடுப்பதும் எப்போதும் ஓட வேண்டும். வைஃபை இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி முயற்சி செய், நடுவில் உன் வேலையைப் பார். நிரலின் அமைப்பு இப்படி இருக்கட்டும்.

நேரம் கணக்கிட மில்லிஸ் சார்பைப் பயன்படுத்துவீர்கள்; போர்டு தொடங்கி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று அது சொல்லும். அது 32 பிட் எண், 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். 'இப்போதைய நேரத்தில் பழைய நேரத்தைக் கழித்தது, இடைவெளியை விடப் பெரிதா' என்று குறியில்லா முழு எண்ணில் எழுதினால் இது பிரச்சினையே இல்லை. 'பழைய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிடு' என்று எழுதினால் ஐம்பதாவது நாள் வாக்கில் விநோதமாக ஏதாவது நடக்கும், காரணமும் பிடிபடாது.

கருவி திடீர் திடீரென்று தானே மறுதொடக்கம் ஆகி, திரையில் பிரவுன் அவுட் என்று வந்தால் அடாப்டரோ கேபிளோ போதவில்லை. வைஃபை அனுப்பும் கணத்தில் இந்தச் சில்லு பல நூறு மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்.

படி 6: எம்க்யூடிடி வழியாக அனுப்புங்கள்

தகவலைச் சர்வருக்கு, இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி வழியாகவும் அனுப்பலாம். ஆனால் ஐஓடியில் பரவலாகப் புழங்குவது எம்க்யூடிடி. ஐபிஎம்மில் இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், அவரோடு ஆர்லென் நிப்பர், இருவரும் 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். அதனால் அது கஞ்சத்தனமாகவும் முரட்டுத்தனமாகவும் பிறந்தது. செய்தியின் நிலையான தலைப்பகுதி 2 பைட்டில்கூட முடிந்துவிடும்.

வேலை செய்யும் விதம்: நடுவில் புரோக்கர் என்ற ஒரு நிரல் இருக்கும். தொட்டிக் கருவி 'வீடு/மாடி/தொட்டி/மட்டம்' என்ற தலைப்பில் 63 என்று வெளியிடும். யார் அந்தத் தலைப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் புரோக்கர் அதை அனுப்பும். கருவிக்கு ஃபோனைத் தெரியாது, ஃபோனுக்குக் கருவியைத் தெரியாது. நாளை இன்னொரு திரை சேர்த்தால் தொட்டிக் கருவியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். (தலைப்புகள் யுடிஎஃப்-8 எழுத்துக்கள் என்பதால் தமிழிலேயே வைக்கலாம். பல கருவிகளோடு கலந்து ஓட்டும்போது எல்லோரும் ஆங்கிலச் சிறிய எழுத்தையே வைப்பார்கள்.)

புரோக்கருக்கு மாஸ்கிட்டோ என்ற இலவச மென்பொருளை ராஸ்பெரி பையிலோ பழைய கணினியிலோ நிறுவுங்கள். ஒரு எச்சரிக்கை. அதன் 2.0 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பில் எதுவும் எழுதாவிட்டால் அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். கருவி இணைய மறுக்கிறது என்று நிரலைக் குடைவதற்கு முன், லிசனர் வரியும் (எந்த வாயிலில் இணைப்பை ஏற்பது என்று சொல்வது) கடவுச்சொல் கோப்பும் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சோதனைக்கென்று பொதுப் புரோக்கர்கள் இணையத்தில் உண்டு. அங்கே அனுப்புவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். மோட்டார் கட்டளையை அங்கே போடவே போடாதீர்கள்.

கருவிப் பக்கத்தில் பப்சப்கிளையண்ட் நூலகம் தொடங்கப் போதும். நான்கு விவரங்களைப் புரிந்துகொண்டால் எம்க்யூடிடியின் முக்கால்வாசி கைவசம்.

முதலாவது கிளையண்ட் ஐடி. ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டும். இரண்டு கருவிக்கு ஒரே ஐடி இருந்தால் ஒன்று நுழையும்போது மற்றதைப் புரோக்கர் வெளியே தள்ளும். வெளியே போனது மறுபடி நுழைந்து முதலாவதைத் தள்ளும். இந்தச் சண்டை முடியவே முடியாது.

அடுத்து கடைசிச் செய்தி, லாஸ்ட் வில் என்பார்கள். இணையும்போதே 'நான் சொல்லாமல் காணாமல் போனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடு' என்று புரோக்கரிடம் கொடுத்து வைக்கலாம். இதை வைக்காவிட்டால், கருவி செத்துப்போன பிறகும் திரையில் பழைய 63% நின்றுகொண்டே இருக்கும். பழைய அளவைப் புதிது என்று நம்ப வைக்கும் திரை, திரையே இல்லாததைவிட மோசம்.

மூன்றாவது ரீடெயின். இந்தக் கொடியோடு அனுப்பிய கடைசிச் செய்தியைப் புரோக்கர் பத்திரமாக வைத்து, புதிதாக வருபவருக்கு உடனே கொடுக்கும். மட்டத்துக்கும் நிலைக்கும் இது அருமை. கட்டளைக்கு ஆபத்து. 'மோட்டாரைப் போடு' என்பதை ரீடெயினோடு அனுப்பிவிட்டால், கரண்ட் போய் வந்து கருவி மறுபடி இணையும் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்.

நான்காவது கியூஓஎஸ். 0 என்றால் அனுப்பிவிட்டு மறந்துவிடு, 1 என்றால் குறைந்தது ஒரு முறை சேர வேண்டும், 2 என்றால் சரியாக ஒரே முறை. நிமிடத்துக்கு ஒரு தடவை போகிற மட்டத்துக்கு 0 போதும். ஒன்று தொலைந்தால் அடுத்தது வரப்போகிறது.

படி 7: திரையும் எச்சரிக்கையும்

ஹோம் அசிஸ்டென்ட் அல்லது நோட்-ரெட், இரண்டில் ஒன்றை அதே பழைய கணினியில் நிறுவி, எம்க்யூடிடி தலைப்பை இணைத்தால் மட்டம் திரையில் வந்துவிடும். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் பார்க்க முதலாவது, தர்க்கத்தைப் பெட்டிகளாக வரைந்து கற்க இரண்டாவது. நீண்ட காலத் தகவலைச் சேர்த்துவைக்க இன்ஃப்ளக்ஸ்டிபி, அதை வரைபடமாகப் பார்க்க கிராஃபனா, இரண்டும் நல்ல ஜோடி.

எச்சரிக்கை வைக்கும்போது ஒரு எல்லையை மட்டும் வைக்காதீர்கள். 20%க்குக் கீழே போனால் செய்தி என்று வைத்தால், மட்டம் 19.8க்கும் 20.1க்கும் ஊசலாடும்போது ஃபோன் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டே நாளில் எல்லோரும் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள். 20இல் எச்சரி, 30ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கையை மறுபடி தயார்செய் என்று இடைவெளி விடுங்கள்.

படி 8: மோட்டாரை இயக்குவது

இங்கே நிதானம் தேவை. இதுவரை தவறு செய்தால் ஒரு சில்லு போகும். இனிமேல் வீட்டு மின்சாரம்.

போர்டு சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்தான் ரிலே. சிறு நீல ரிலே போர்டில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ஆகவே ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பல ரிலே போர்டுகள் கட்டுப்பாட்டுக் காலின் மின்னழுத்தம் தாழும்போது 'ஆன்' ஆகும் வகை. கருவி தொடங்கும் கணத்தில் தற்செயலாக மோட்டார் துடிக்காமல் இருக்கிறதா என்பதை மோட்டாரை இணைக்கும் முன் ஒரு பல்பை வைத்துப் பலமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

அடுத்ததுதான் இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. மோட்டாரை நிறுத்தும் முடிவு மாடியில் இருக்கும் அந்தச் சிறு போர்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். கிளவுடில் இல்லை, ஃபோனில் இல்லை, கீழே இருக்கும் பழைய கணினியிலும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நெட் போனால் 'நிறுத்து' என்ற செய்தி வரவே வராது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ஃபோனிலிருந்து வருவது வேண்டுகோள்; ஏற்பதா மறுப்பதா என்பது போர்டின் அதிகாரம்.

போர்டுக்குள் எழுத வேண்டிய விதிகள் இவை:

25%க்குக் கீழே போனால் ஓடு, 90% ஆனால் நில்.
தொடர்ந்து சில முறை 'தெரியவில்லை' என்று வந்தால் நில்.
என்ன ஆனாலும் இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடாதே. தொட்டி வழக்கமாக நிரம்பும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.
மோட்டார் ஓடியும் ஐந்து நிமிடத்தில் மட்டம் ஏறவில்லை என்றால் நில், எச்சரி. கிணறு வற்றியிருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம். உலர்ந்து ஓடினால் மோட்டார் கெடும்.
மறுதொடக்கம் ஆனால் மோட்டார் அணைந்த நிலையில் தொடங்கு.

நிரலே உறைந்துபோனால்? அதற்கு இஎஸ்பி32க்குள் வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் நிரல் அதைத் தட்டிக்கொடுக்காவிட்டால் சில்லைத் தானே மறுதொடக்கம் செய்யும். இதற்கும் மேலே, மின்னணுவே இல்லாத மிதவை சுவிட்ச் ஒன்றைத் தொட்டியின் உச்சியில் வைத்து, கான்டாக்டரின் சுருள் வயரிலேயே தொடராக இணைத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இருக்கட்டும்.

படி 9: பூட்டு

2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர்கள், ரவுட்டர்கள் என்று லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாக முயன்றது, அவ்வளவுதான். அந்தக் கருவிப் படை அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவது) தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. கருவியின் சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது. அவர்கள் கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பது சட்டப்படி தடை.

உங்கள் கருவிக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. புரோக்கருக்குக் கடவுச்சொல் வையுங்கள். ரவுட்டரில் கெஸ்ட் வலையமைப்பு இருந்தால் கடையில் வாங்கிய கருவிகளை அதில் தள்ளுங்கள்; உங்கள் கணினியும் கோப்புகளும் இருக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் எம்க்யூடிடியின் 1883 வாயிலை (போர்ட்) திறந்துவிடாதீர்கள். அந்த வாயிலில் போவது மறையாக்கம் இல்லாத வெற்றுரை, கடவுச்சொல் உட்பட. வயர்கார்டு போன்ற விபிஎன் ஒன்றை (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான வழி) வீட்டில் வைத்து அதன் வழியாக நுழையுங்கள். இணையம் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் டிஎல்எஸ் மறையாக்கத்தோடு 8883 வாயில்.

தொலைவிலிருந்து நிரலைப் புதுப்பிக்கும் வசதியை, ஓடிஏ என்பார்கள், முதல் நாளே சேர்த்துவிடுங்கள், கடவுச்சொல்லோடு. புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் லேப்டாப்போடு மாடி ஏற வேண்டும் என்றால் யாரும் புதுப்பிக்க மாட்டார்கள்.

தொட்டி மட்டத்தில் என்ன ரகசியம் என்று தோன்றலாம். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எந்த நாட்களில் வீட்டில் ஆளில்லை என்பது இரண்டும் அந்தக் கோட்டில் அப்படியே தெரியும்.

கடையில் வாங்குவதானால்

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது, தேவையும் இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டியது, நிறுவனத்தின் சர்வர் நின்றாலும் கருவி ஓடுமா என்பதை. ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் ஹப்பை வாங்கியவர்களுக்கு 2016 மே மாதம் இது நேர்ந்தது. நிறுவனத்தை நெஸ்ட் வாங்கிச் சேவையை நிறுத்தியதும், நன்றாக இருந்த ஹப் ஒரு வெறும் பெட்டியானது. 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டுப்படுத்தும்படி அமைந்தது. அந்த முத்திரை இருந்தால் நல்லது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் வரும் என்று பெட்டியிலோ தளத்திலோ எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 10: ஒரு மாதம் ஓடிய பிறகு

இப்போது வரைபடத்தைத் திறந்து பாருங்கள். தாளில் எழுதிய கேள்விக்கு வெளியே இருக்கும் விஷயங்களும் அதில் தெரிய ஆரம்பிக்கும். முக்கியமாக இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் பாருங்கள். யாரும் குழாய் திறக்காத நேரம். கோடு படுத்துக்கிடக்க வேண்டும். மெதுவாக, சீராக இறங்கிக்கொண்டிருந்தால் கசிவு என்று சந்தேகப்படலாம்.

உடனே பிளம்பரைக் கூப்பிடாதீர்கள். வெப்பத் திருத்தம் சேர்க்காத கருவியில் இந்த இறக்கம் பொய்யாகவும் இருக்கலாம். இரவில் காற்று குளிரும்போது ஒலி மெதுவாகப் போகும், எதிரொலி தாமதமாக வரும், தூரம் கூடியதாகக் கருவி நினைக்கும், மட்டம் இறங்கியதாகக் காட்டும். பத்து டிகிரி குளிர்ந்தால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர் பொய் இறக்கம். விடிந்து வெயில் ஏறியதும் யாரும் மோட்டார் போடாமலே மட்டம் மேலே வந்தால் அது வெப்பத்தின் வேலைதான்.

வெப்பத் திருத்தம் சேர்த்த பிறகும் கோடு இறங்கினால் ஒரு ராத்திரி தொட்டியின் வெளிக்குழாய் வால்வை மூடிவிட்டுத் தூங்குங்கள். காலையில் கோடு நேராக இருந்தால் கசிவு கீழே வீட்டுக்குள் இருக்கிறது, பெரும்பாலும் கழிவறைத் தொட்டியின் வால்வில். வால்வை மூடியும் இறங்கியிருந்தால் தொட்டியிலோ, அதன் அடியில் வால்வு வரை வரும் இணைப்பிலோ தேடுங்கள்.